ஏற்காட்டில் ஒரு பர்மா: காசில்லாமல் பெண்களின் போர்ப்படம் எடுப்பது எப்படி

"போர்ப்படம் எடுக்கப்போறேன்" என்று சேலத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "டேங்குக்கு என்ன பண்ணுவீங்க?" என்பதுதான். டேங்கு கிடையாது. விமானம் கிடையாது. குண்டு வெடித்து மண் பறக்கும் ஷாட் ஒன்றுகூடக் கிடையாது. நாங்கள் 14 பேர், 5 நாள், இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பணம், 19 நிமிடப் படம். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நான்கு தோட்டத்துப் பெண்களின் கதை. மலாயாவில் தொடங்கி பர்மாவில் முடிகிறது, எடுத்ததெல்லாம் ஏற்காட்டிலும் பூலாம்பட்டியிலும். அதற்கப்புறம் இதே மாதிரி எடுக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் அடிக்கடி கூப்பிட்டுக் கேட்கிறார்கள், ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். முதல் படம் எடுக்கிறவர்களுக்கானது இது. ஏற்கெனவே நாலு குறும்படம் எடுத்தவர்கள் நேராகத் துப்பாக்கி செய்கிற இடத்துக்குப் போய்விடலாம்.

முதலில் கதை

காசில்லாதவர் சண்டையை எழுதக் கூடாது. எழுதினால் பத்துப் பேரை ஓடவிட்டு, கேமராவை ஆட்டி, எடிட்டிங்கில் புகையைச் சேர்த்து, கடைசியில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் அதைத்தான் எழுதினோம், மணிப்பூரின் இம்பால் போர்முனையில் பெண்கள் சுட்டுக்கொண்டே முன்னேறுவதாக. அப்புறம் உட்கார்ந்து வரலாற்றைப் படித்தால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

நடந்தது இது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பெண்கள் படையை அறிவித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அக்டோபர் 22ஆம் தேதி பயிற்சி முகாம் திறந்தது. கோலாலம்பூரில் வசதியாக வளர்ந்த ஜானகி தேவர் மாதிரியான பெண்களும் சேர்ந்தார்கள், ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த, எழுத்து வாசனையே இல்லாத தமிழ்ப் பெண்களும் சேர்ந்தார்கள். 1944இல் ஒரு பகுதியினர் பர்மாவுக்குப் போய் மேமியோ முகாமில் காத்திருந்தார்கள். ஜப்பானியரோடு சேர்ந்து நேதாஜியின் படை நடத்திய இம்பால் படையெடுப்பு தோற்றுத் திரும்பியது, முன்னால் போய்ப் போரிடும் வாய்ப்பு இவர்களுக்கு வரவே இல்லை, காயம்பட்டு வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டார்கள். 1945 ஏப்ரல் 24ஆம் தேதி ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது விமானத்துக்குப் பயந்து பகலில் மறைந்திருந்து, இரவில் நடந்து, சித்தாங் ஆற்றைத் தாண்டி பாங்காக் பக்கம் போனார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார்.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஏமாற்றம். மறுநாள் காலையில்தான் உறைத்தது, நம் கையில் இருக்கிற காசுக்கு இதைவிடப் பொருத்தமான போர் கிடைக்காது என்று. துப்பாக்கி பிடிக்கப் பழகி, சுடுவதற்குக் காத்திருந்து, சுடாமலேயே திரும்பி நடந்த பெண்கள். இதற்கு வேண்டியது இருட்டு, நடை, ஒரு ஆறு, தலைக்கு மேல் ஒரு சத்தம், அவ்வளவுதான். நீங்கள் வேறு நாட்டுப் புரட்சியை எடுத்தாலும் சரி, நம்மூர்ப் போராட்டத்தை எடுத்தாலும் சரி, சண்டைக்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று முதலில் தேடுங்கள். படம் அங்கேதான் இருக்கும்.

திரைக்கதை எழுதும்போது ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றில் கண்ணுக்குத் தெரிவது, இன்னொன்றில் காதுக்குக் கேட்பது. காசு கேட்கிற எதையும் இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளிவிடுங்கள். விமானம் எங்கள் படத்தில் மூன்று முறை வருகிறது, ஒருமுறைகூடக் கண்ணில் படாது. நான்கு பெண்கள் அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்குவார்கள், அது போதும்.

இடம் பார்ப்பது

ஏற்காடு அடிவாரத்தில் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேல் படம் எடுத்த ஊர் இது, இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும்தான் ரோட்டோரம் நிற்கிறது. அந்த வழியாக மேலே போகும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவது எங்கள் பழக்கம், நீங்கள் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எந்த இடம் எதற்குப் பொருந்தும் என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள். மேமியோ வெள்ளைக்காரன் உருவாக்கிய மலைவாசஸ்தலம், ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். ஏற்காடும் அப்படித்தான், 1515 மீட்டர், பழைய பங்களா, ஓட்டுக்கூரை, பனி. அதனால் முகாம் காட்சிகளை ஒரு காபி எஸ்டேட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆனால் அதே எஸ்டேட்டை ரப்பர்த் தோட்டம் என்று காட்டாதீர்கள். ரப்பர் மரத்துக்கு அடியில் காபிச்செடி இருக்காது, சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிற மிளகுக்கொடி காட்டிக்கொடுத்துவிடும். மலாயாக் காட்சிகளை நாங்கள் லைன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு, உள்ளேயே முடித்துக்கொண்டோம், ஜன்னல் வழியாக ஒரே ஒரு ஷாட், கொடி ஏறாத நாலு சில்வர் ஓக், இடுப்பு உயரத்தில் ரப்பர்ப் பால் பிடிப்பதுபோலக் கட்டிய கொட்டாங்குச்சி. இலை ஃபிரேமுக்குள் வரக் கூடாது. மரத்தைக் கீறவும் கூடாது, சுண்ணாம்பில் கோடு போட்டால் போதும், மழையில் போய்விடும்.

ஆற்றுக்குப் பூலாம்பட்டி. கதவணையால் காவிரி அங்கே அகலமாக, அசையாமல் நிற்கும், எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகும். அசையாத தண்ணீர் என்பதாலேயே ஆழம் தெரியாது. நடிகைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறக்காதீர்கள், தூரத்து ஷாட்டுக்குப் படகில் ஏற்றும்போது காக்கிச் சட்டைக்குள் லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள், கொஞ்சம் குண்டாகத் தெரிந்தால் தெரியட்டும்.

எப்போது எடுப்பது? மே மாதம் வேண்டவே வேண்டாம், கோடை விழாக் கூட்டம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிப்பு, எஸ்டேட்டில் யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. மிச்சம் இருப்பது பிப்ரவரி, மார்ச். நாங்கள் மார்ச்சில் போனோம், அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. இரண்டாம் நாள் மாலை வரை பச்சையாக இருந்த தோட்டம் மூன்றாம் நாள் காலையில் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது, ஒரு செடி பாக்கியில்லாமல் பூ. மல்லிகை மாதிரி வாசனை, மலை முழுக்கத் தேனீ. அணிவகுப்புக் காட்சியில் பாதியை முந்தின நாள் எடுத்தாகிவிட்டது, மீதிப் பாதிக்குப் பின்னால் இப்போது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு, பூ நிற்கிற சமயத்தில் செடிக்குள் யாரும் நடக்கக் கூடாது என்று மேஸ்திரி தடுத்துவிட்டார், அவர் சொன்னது நியாயம்தான், பூ உதிர்ந்தால் காய் போச்சு. கேமராவைத் தரையில் வைத்து, பெண்களுக்குப் பின்னால் வானம் மட்டும் தெரிகிற மாதிரி மீதியை முடித்தோம். விசாரித்தபோதுதான் தெரிந்தது, கோடைமழை ஒன்று நன்றாகப் பெய்தால் அதிலிருந்து எட்டுப் பத்து நாளில் பூ திறந்துவிடும். தேதி குறிக்கும் முன் மேஸ்திரியிடம் கடைசியாக எப்போது மழை பெய்தது என்று கேளுங்கள்.

அனுமதி

எஸ்டேட் முதலாளியிடம் எழுத்தில் ஒரு கடிதம், எந்தத் தேதி, எத்தனை பேர், எந்தப் பகுதி என்று. ரிசர்வ் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், எஸ்டேட் எல்லை எங்கே முடிகிறது என்று மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிடுங்கள். நெருப்பு, பட்டாசு, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம், அது காட்டுத்தீ பிடிக்கிற காலம். புகை வேண்டுமென்றால் காலை ஆறரைக்கு எழுந்து வாருங்கள், பனி சும்மாவே கிடைக்கும்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் கட்டாயம், கூடவே டம்மித் துப்பாக்கிகளின் போட்டோ. நாங்கள் கொடுத்திருந்தோம், அதனால்தான் தப்பித்தோம். நாலாம் நாள் ஷாட் இடைவெளியில் எங்கள் பெண்கள் ஏழு பேர் காக்கியோடு ரோட்டோர டீக்கடைக்குப் போய்விட்டார்கள். வளைவில் வந்த பைக் பையன்கள் மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, ஏழு காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பு. ஆனால் அரை மணி நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டார். காஸ்ட்யூமோடு எஸ்டேட் கேட்டைத் தாண்டக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், துப்பாக்கியைப் பூட்டி வைக்க ஒரு ஆளைப் போடுங்கள்.

துப்பாக்கி

எஸ்டேட் முதலாளியிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும், "ஒரு ஷாட்டுக்குத்தானே, எடுத்துக்கங்க" என்பார். தொடாதீர்கள். ஆயுதச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், படப்பிடிப்பில் நிஜத் துப்பாக்கி இருந்தால் யாருடைய கவனமும் நடிப்பில் இருக்காது.

தச்சரிடம் போங்கள். ஐ.என்.ஏ, அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் கையில் இருந்தது பெரும்பாலும் பிரிட்டிஷ்காரனிடமிருந்து பிடித்த ஆயுதங்கள், அதனால் 303 ரைஃபிள் மாதிரி செய்தால் போதும். நீளம் சுமார் 113 சென்டிமீட்டர், எடை கிட்டத்தட்ட 4 கிலோ. கட்டைக்குத் தேக்கு வேண்டாம், கிடைக்கிற மரம் போதும், குழாய்க்கு இரும்பு பைப். தலைவலி கொடுத்தது அந்த போல்ட், பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளி, அப்புறம் மடக்குகிற கைப்பிடி. தச்சர் கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்தார். எழுந்து போய் ஹார்டுவேர் கடையில் கதவுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து, கட்டையில் பதித்துத் திருகினார். இழுத்தால் அதே சடக் சத்தம். க்ளோஸ்-அப்பில்கூட நிற்கிறது, படம் பார்த்த ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

எடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதலில் செய்த துப்பாக்கி ஒன்றரைக் கிலோதான் இருந்தது, தூக்கி நடந்த பெண்ணின் தோளைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது, துடைப்பக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. கட்டையைக் குடைந்து உள்ளே இரும்புக் கம்பி வைத்து 4 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். அரை மணி நேரத்தில் தோள் தானாக இறங்கியது, துப்பாக்கியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்கள், பட்டை உறுத்துகிற இடத்தில் கைக்குட்டையை மடித்து வைத்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் இல்லை. நாலு துப்பாக்கி இப்படிக் கனமாக, மீதி ஆறு தூரத்தில் நிற்பவர்களுக்கு வெறும் கட்டை.

உடுப்பு

காக்கி டிரில் துணியை மொத்தமாக எடுத்து ஒரே டெய்லரிடம் கொடுங்கள். சட்டை, கால்சட்டை, மடக்குத் தொப்பி. தைத்து வந்ததும் பார்த்தால் செக்யூரிட்டி கார்டு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு தரம் சோப்புப் போட்டுத் துவைத்து, காபிச் சக்கை கொதித்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, முழங்கையிலும் முழங்காலிலும் செங்கல்லால் தேய்த்து, வெயிலில் போடுங்கள். பின்வாங்கும் காட்சிகளுக்கு இன்னொரு செட் வேண்டும், கிழிந்தது. கையிருப்பு ஒரே செட் என்றால் நல்ல உடுப்புக் காட்சிகளையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு அப்புறம் கிழியுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். சேலம் என்றால் கொலுசு. எங்கள் கதையில் ஒருத்தி இரவு நடைக்கு முன் கொலுசைக் கழற்றித் துணியில் முடிந்து இடுப்பில் செருகுவாள், சத்தம் வரும் என்பதால். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் பழைய ஜோடியை இரண்டு நாளைக்குக் கொடுத்தார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஷாட் அதுதான், செலவு பூஜ்யம்.

ஆட்களும் பயிற்சியும்

என்.சி.சி.யில் இருக்கிற கல்லூரிப் பெண்களைத் தேடுங்கள். நடை, திரும்புவது, நிற்பது எல்லாம் தெரிந்திருக்கும். ஒரே கஷ்டம், ரொம்ப நன்றாகச் செய்வார்கள். முகாமுக்கு வந்து ஒரு வாரம் ஆன தோட்டத்துப் பெண் அப்படி நிற்க மாட்டாள், அதிலும் ஐ.என்.ஏ.வில் கட்டளையெல்லாம் இந்துஸ்தானி, தமிழ் மட்டும் தெரிந்தவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து அரை நொடி தாமதமாகத்தான் திரும்புவாள். அந்த அரை நொடியைப் பழக்குவதற்கு எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

சாப்பாடு, கழிப்பறை

கேமராவைவிட இதில்தான் படம் நிற்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் முன் யாருக்கும் வயிறு நிறைய டிபன் கொடுக்காதீர்கள், மேலே போய்ச் சாப்பிடட்டும். சமையலுக்கு எஸ்டேட் லைன் வீட்டிலேயே ஒரு அக்காவிடம் சொல்லிவிட்டால் கீழிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போவதைவிடச் சூடாகவும் மலிவாகவும் முடியும். குரங்கு வரும், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஒரு காவல் வேண்டும்.

பெண்களை வைத்துப் படம் எடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் உடை மாற்ற ஒரு பூட்டுப் போட்ட அறையும், ஐந்து நிமிட நடையில் ஒரு கழிப்பறையும் ஏற்பாடு செய்யாத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஒரு பெண் மயங்கி விழுந்தது அப்படிப்பட்ட ஒரு படப்பிடிப்பில்தான். பங்களா பாத்ரூம் சாவி கைக்கு வந்த பிறகுதான் நாங்கள் தேதியையே உறுதி செய்தோம். ஷூவும் அப்படித்தான், அவரவர் அளவுக்கு வாங்குங்கள், தடித்த காலுறை இரண்டு ஜோடி, கொப்புளத்துக்கு பிளாஸ்டர் நிறைய.

எடுப்பது

இரவுக் காட்சிகளை உண்மையான இரவில் எடுக்க முயலாதீர்கள். லைட்டு வாடகை, ஜெனரேட்டர், அதோடு காட்டுமாடு. இருட்டில் காபிச்செடிக்குள் காட்டுமாடு நின்றால் பத்தடியில்கூடத் தெரியாது. மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரைக்குள், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும், வெளிச்சத்தைக் குறைத்துப் பதிவு செய்து, எடுத்த பிறகு நிறத்தைத் திருத்துகிற கலர் கிரேடிங்கில் நீலத்துக்குக் கொண்டுபோங்கள். வானம் ஃபிரேமில் வந்தால் பொய் தெரிந்துவிடும், குனிந்தே எடுங்கள். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும், அதனால் பகல் முழுக்க அதே ஷாட்டை ஒத்திகை பாருங்கள்.

கேமரா எதுவாக இருந்தாலும் சரி, நல்ல மைக் ஒன்று வாடகைக்கு எடுங்கள். சில்வர் ஓக் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும், வசனம் பேசும் இடத்தில் முன்னாடியே பெருக்கிவிடுங்கள். பெருக்கிய சருகை வீசாமல் ஒரு சாக்கில் கட்டி வைத்து, அன்றைய படப்பிடிப்பு முடிந்ததும் அதைக் கொட்டி, நாலு பேரை நடக்கவிட்டுத் தனியாகப் பதிவு செய்யுங்கள். எங்கள் படத்தில் நூறு பேர் நடக்கிற சத்தம் இருக்கிறது, அது நாலு பேர் இருபது நிமிடம் நடந்ததை மேலே மேலே அடுக்கியது.

ரத்தம் கடையில் வாங்க வேண்டாம். சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக் கிழங்கு மாவுக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. சர்க்கரைப் பாகில் சிவப்பு கேசரிப் பவுடர், கெட்டியாக ஒரு ஸ்பூன் காபி டிகாக்ஷன், கரைத்துக் காய்ச்சிய கிழங்கு மாவு கொஞ்சம். டிகாக்ஷன் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். பூ பூத்திருக்கிற தோட்டத்துக்கு மட்டும் இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கட்டுப் போடுகிற காட்சியில் எங்கள் காயம்பட்ட சிப்பாய் தேனீக்குப் பயந்து எழுந்து ஓடினார்.

எடிட்டிங் முடிவதற்கு முன்

தோராயமாக வெட்டி முடித்ததும் நண்பர்களிடம் காட்டாதீர்கள், அவர்கள் சூப்பர் என்பார்கள். நாங்கள் அந்த எஸ்டேட் லைன் வீட்டுச் சுவரில் வேட்டியைக் கட்டி, வேலை முடிந்து வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். விமானம் வந்தபோது குழந்தைகள் அண்ணாந்து பார்த்தன, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். முடிந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தர் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரி கண்ணு. மூட்டைய தலையில தூக்கிட்டுப் போறாளுங்களே, சும்மாடு எங்க? சும்மாடு இல்லாம எவ சுமை தூக்குவா, அதுவும் தோட்டத்துல வேல செஞ்சவ?"

பின்வாங்கும் காட்சி முழுக்க நாலு பெண்களும் அரிசி மூட்டையை வெறுந்தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். எழுதிய நானும் பார்க்கவில்லை, நடித்தவர்களும் பார்க்கவில்லை, எடிட்டர் நூறு முறையாவது ஓட்டியிருப்பார், அவரும் பார்க்கவில்லை. சும்மாடு எப்படிச் சுற்றுவது என்று அந்த ஆயாவே தோளிலிருந்த துண்டை எடுத்துக் காட்டினார், ஒரு முறுக்கு, இரண்டு சுற்று, நுனியை உள்ளே செருகு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு நடிகைகளும் கேமராமேனும் நானும் மட்டும் ஒரு காரில் மேலே போனோம். தூரத்து ஷாட்டில் தலை சரியாகத் தெரியாது என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டு, கிட்டத்து ஷாட் மூன்றை மட்டும் திரும்ப எடுத்தோம், அதில் ஒன்று அந்தப் பெண் நடந்துகொண்டே கிழிந்த தொப்பியைக் கழற்றிவிட்டுத் துண்டைச் சுற்றிச் சும்மாடு வைப்பது. டீசலும் மதியச் சாப்பாடும் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. பட்ஜெட் போடும்போது இதற்கென்று ஒரு நாள் காசைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.